வெளிநாட்டில் லெபனான் உணவகம்: ஹம்முஸில் தொடங்கி காபியில் முடிக்க முழுமையான வழிகாட்டி

லண்டன் எட்ஜ்வேர் ரோட்டிலோ சிட்னியின் பேங்க்ஸ்டவுனிலோ லெபனான் உணவகத்தில் முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆளுக்கொரு கிரில் தட்டு, நடுவில் வைக்க ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுது, ஃபலாஃபெல் என்ற பொரித்த பருப்பு உருண்டை, கூடவே பெயர் பிடித்துப்போன இரண்டு மூன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து வந்து இறங்கும். டம்ளர் வைக்கக்கூட மேசையில் இடமிருக்காது. ஹம்முஸும் ரொட்டியும் தின்று முடிப்பதற்குள் வயிறு நிரம்பிவிடும், கறி ஆறி விறைத்துக் கிடக்கும், பாதி உணவு பார்சல் டப்பாவில் ஏறும். பில் மட்டும் முழுசாக வரும்.

இந்தச் சாப்பாட்டின் சூட்சுமம், எதைச் சொல்கிறோம் என்பதைவிட எப்போது சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. லெபனானில் நிதானமான ஒரு சாப்பாடு அலை அலையாக வரும். முதலில் குளிர்ந்த சிறு தட்டுகள், அடுத்து சூடானவை, பிறகு கரியில் சுட்ட கறி, கடைசியில் பழம், இனிப்பு, காபி. அந்தச் சிறு தட்டுகளுக்குத்தான் மெஸ்ஸே என்று பெயர். பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள ஸஹ்லே ஊரின் பெர்தவ்னி ஆற்றங்கரை உணவகங்கள் இதற்குப் பேர்போனவை. அங்கே மதியம் உட்கார்ந்தவர்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுவார்கள். வெளிநாட்டில் அவ்வளவு நேரம் மேசை கிடைக்காது. ஆனாலும் அந்த வரிசையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

எந்த மாதிரிக் கடை என்று முதலில் பாருங்கள்

‘லெபனீஸ்’ என்று பலகை மாட்டிய கடைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை.

ஃபுர்ன் என்பது அடுமனை. காலையிலிருந்து மதியம்வரை மனாகீஷ் சுடுவார்கள். மனாகீஷ் என்பது மேலே ஸாத்தர், சீஸ் அல்லது கொத்துக்கறி பூசி அடுப்பில் சுட்ட தட்டை ரொட்டி. ஸாத்தர் என்றால் காட்டு மூலிகை, எள், புளிப்பான சுமாக் கலந்த பொடி. இங்கே மாலையில் போனால் காலையில் சுட்டதைச் சூடுபண்ணித்தான் தருவார்கள்.

ஷவர்மா, ஜூஸ் கடை இரண்டாவது ரகம். நின்றோ குட்டி மேசையிலோ சாப்பிடும் இடம். கம்பியில் சுற்றும் கறியை நன்றாகப் பாருங்கள். துண்டு துண்டாக அடுக்கியது தெரிந்தால் நல்லது. சிமெண்ட் பூசியதுபோல் வழவழவென்று ஒரே பாளமாக இருந்தால் அது அரைத்துப் பிடித்த கறி, வேறு கடைக்கு நடையைக் கட்டலாம். கடை மூடப்போகும் நேரத்தில் ஷவர்மா கேட்காதீர்கள். கம்பியோடு ஒட்டிய கடைசிக் கறி வறண்டுபோயிருக்கும்.

மூன்றாவதுதான் மெஸ்ஸே உணவகம். வெள்ளைத் துணி விரித்த மேசை, நீளமான மெனு, பின்கட்டில் கரி அடுப்பு. இந்த வழிகாட்டி பெரும்பாலும் இதைப் பற்றியது. எட்ஜ்வேர் ரோட்டில் இந்த ரகத்துக்கு வழிபோட்ட கடைகளில் ஒன்றான மரூஷ் 1981-ல் தொடங்கியது.

சில இடங்களில் நான்காவதாக ஒன்றும் உண்டு: மதியத்துக்கு மட்டும் வீட்டுச் சமையல். மெனுவில் ‘தப்கா’ என்றோ ‘இன்றைய உணவு’ என்றோ தனியாக எழுதியிருப்பார்கள். வெண்டைக்காய்க் குழம்பு, முலூகியே கீரை, பீன்ஸ், தயிரில் மிதக்கும் ஷிஷ் பரக் கொழுக்கட்டை, இவற்றோடு சேமியா கலந்த சோறு. தனியாகச் சாப்பிடப் போகிறவருக்கு மெஸ்ஸேயைவிட இது மேல். விலையும் குறைவு.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். மான்ட்ரியாலில் ‘ஷிஷ் தாவூக்’ என்று கேட்டால் கோழி ஷவர்மாதான் வரும். மற்ற ஊர்களில் அந்தப் பெயருக்குக் கம்பியில் குத்திச் சுட்ட கோழித்துண்டு என்று பொருள். சாவ் பாவ்லோவில் எஸ்ஃபிஹா, கிபே என்று விற்பவை லெபனான், சிரியா நாட்டவர் கொண்டுபோனவை. பல தலைமுறைகளில் அவை பிரேசிலின் சொந்தப் பலகாரமாகவே ஆகிவிட்டன. அவற்றை பெய்ரூட் ருசியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

எப்போது போவது

ஞாயிறு மதியம் இரண்டு மணி. லெபனான் குடும்பங்கள் கூட்டமாக வரும் நேரம் அது. சமையலறை முழு வேகத்தில் இருக்கும், கீரையும் கறியும் புதிதாக இருக்கும். வெள்ளி, சனி இரவு ஒன்பது மணிக்குமேல் பாட்டு, நடனம் வைக்கும் கடைகளில் தலைக்கு இவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்று விதி இருக்கலாம். போனில் இடம் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பேசிச் சாப்பிட விரும்புகிறவர்கள் அந்த இரவுகளைத் தவிர்க்கலாம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் சைகையில்தான் பேச வேண்டியிருக்கும்.

ரமலான் மாதத்தில் சூரியன் மறையும் வேளையில் எல்லா மேசைக்கும் ஒரே நொடியில் உணவு போகும். பேரீச்சை, பருப்பு சூப், ஃபத்தூஷ் சாலட் என்று தொடங்கும் இஃப்தார் விருந்து பார்க்கவே அழகு. ஆனால் முன்பதிவு இல்லாமல் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நோன்பு இல்லாதவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துப் போவது எல்லோருக்கும் நல்லது.

உட்கார்ந்ததும் வருபவை

பல கடைகளில் கேட்காமலேயே ஒரு தட்டு வரும். முழு லெட்டூஸ், தக்காளி, வெள்ளரி, குடமிளகாய், சில நேரம் முள்ளங்கி, புதினாக் கட்டு. நறுக்காமல் அப்படியே வைப்பார்கள். கத்தியால் வெட்டிக்கொள்வது நம் வேலை. கூடவே ஆலிவ், ஊறுகாய், ரொட்டி. ரோஜா நிறத்தில் இருக்கும் ஊறுகாய் டர்னிப் கிழங்கு; நிறம் கூடவே போட்ட பீட்ரூட் துண்டிலிருந்து வருவது. எண்ணெயும் மிளகாயும் இல்லாமல் உப்பும் வினிகரும் மட்டுமே இருப்பதால் நம் ஊறுகாய் மாதிரி உறைக்காது. கறியின் கொழுப்பை அறுக்கத்தான் அது. முதலிலேயே தின்று தீர்த்துவிடாதீர்கள்.

இந்தத் தட்டு சில கடைகளில் இலவசம், சிலவற்றில் தலைக்கட்டணமாகப் பில்லில் ஏறும். “இது பில்லில் வருமா?” என்று கேட்பதில் வெட்கமில்லை.

ரொட்டி விஷயத்தில் கைக்கட்டுப்பாடு வேண்டும். தீரத் தீர வரும், பெரும்பாலும் காசும் இல்லை. அடுப்பிலிருந்து பலூன்போல உப்பி வருவதைக் கண்டதும் கை தானாகப் போகும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். ஆறிய ரொட்டி தோல்போல ஆகிவிடும் என்பதால், கூடையில் சேர்த்து வைக்காமல் வேண்டும்போது சூடாகக் கேளுங்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கூம்புபோல் மடித்து, தட்டின் உங்கள் பக்க ஓரத்திலிருந்து அள்ளுங்கள். வலக்கை. கடித்த துண்டை மறுபடி பொதுத் தட்டில் முக்கக் கூடாது. எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எவ்வளவு சொல்வது

இரண்டு பேருக்குக் குளிர்ந்தவை 3, சூடானவை 2, கிரில் 1. நான்கு பேருக்குக் குளிர்ந்தவை 5, சூடானவை 3, கலவை கிரில் 1, பசி இருந்தால் பிறகு ஒரு கோழி. ஆறு பேர் என்றால் புதிய வகைகளைக் கூட்டுவதைவிட ஹம்முஸையும் தபூலே என்ற கீரை சாலட்டையும் இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். மேசையின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். நீள மேசையில் ஒரே ஹம்முஸ் என்றால் கடைசியில் இருப்பவருக்குத் தட்டின் அடிதான் மிஞ்சும்.

பொரித்தவை எண்ணிக்கையில் வரும். ஒரு தட்டுக்கு மூன்று கிப்பே, நான்கு சம்பூசெக் என்பதுபோல. ஐந்து பேர் இருக்கும் மேசைக்கு நான்கு வந்தால் சங்கடம். “ஒரு தட்டில் எத்தனை?” என்று கேட்டால் ஒன்றைச் சேர்த்துப் போட்டுத் தரும் கடைகள் உண்டு.

சொல்லும் முறை இதுதான். முதலில் குளிர்ந்தவற்றை மட்டும் சொல்லிவிட்டு, “சூடானவை பிறகு சொல்கிறோம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தட்டுகள் பாதி காலியானதும் சூடானவை. அவை மேசைக்கு வந்த நிமிடம் கிரில்லைச் சொல்லுங்கள், கரியில் வெந்து வரக் கால் மணிக்குமேல் ஆகும். பரிமாறுபவர் மெனுவைக் கையோடு எடுத்துப்போகப் பார்ப்பார். ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘இருவருக்கு இவ்வளவு’ என்று போட்டிருக்கும் செட் மெனு பார்க்க மலிவு. அதில் என்ன வரும் என்பதைச் சமையலறைதான் முடிவு செய்யும், பொரித்தவையே அதிகம் வரும். இரண்டு பேருக்கு அது வேண்டாம். எட்டுப் பேருக்குமேல் போகும்போது வசதி, அப்போதும் இரண்டு தட்டுகளை மாற்றித் தரச் சொல்லலாம்.

குளிர்ந்தவை: கடையின் தரம் தெரிவது இங்கேதான்

ஹம்முஸ் என்ற அரபுச் சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். கடலை, எள் விழுதான தஹினி, எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் பூண்டு, அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றுவது. நாக்கில் நறநறத்தால் கடலை வேகவில்லை. அடித்தொண்டையில் கசந்தால் தஹினி பழசு. பல் கூசும் குளிரில் வந்தால் நேற்றைக்கு அரைத்தது, ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கிறது. இந்தத் தட்டின் மேல் லெபனான்காரர்களுக்கு இருக்கும் உரிமையுணர்வை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 மே மாதம் பெய்ரூட் அருகே 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த எண் நாட்டின் பரப்பளவு, சதுர கிலோமீட்டரில்.

மெனுவில் மூன்று நான்கு வகை ஹம்முஸ் இருக்கும். பெய்ரூத்தி என்றால் பார்ஸ்லி, பூண்டு, காரம் சேர்த்தது. ‘பில் லஹ்மே’ என்றால் மேலே வதக்கிய கறியும் பைன் கொட்டையும். முதல்முறை சாதாரணத்தையே வாங்குங்கள், கடையின் கை அதில்தான் தெரியும்.

கத்திரிக்காயில் பெயர்க் குழப்பம். சுட்ட கத்திரிக்காயைத் தஹினியோடு மசித்தது முதப்பல். தஹினி இல்லாமல் தக்காளி, வெங்காயம், பார்ஸ்லி, மாதுளைப் பாகு சேர்த்தது லெபனானில் பாபா கனூஜ். வெளிநாட்டில் பல கடைகள் முதப்பலையே பாபா கனூஜ் என்று எழுதிவிடுகின்றன. பெயரை நம்பாமல் “தஹினி உண்டா?” என்று கேளுங்கள். இரண்டிலும் புகை மணம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் காயை ஓவனில் வேகவைத்திருக்கிறார்கள், அல்லது டப்பாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கத்திரிக்காயைத் தணலில் சுட்டு மசிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களை இதில் ஏமாற்ற முடியாது.

தபூலே என்பது பார்ஸ்லிக் கீரை. இதைக் கோதுமை சாலட் என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டு மூன்று பெரிய கட்டுப் பார்ஸ்லிக்கு பல்கர் என்ற உடைத்த கோதுமை இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் போடுவார்கள். மற்றதெல்லாம் புதினா, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். தட்டு பச்சையாக வந்தால் சரி, கோதுமை நிறத்தில் வந்தால் உள்ளூர்க்காரர்களுக்காக மாற்றிய கடை. கீரை கறுத்து நீர் விட்டிருந்தால் இயந்திரத்தில் நறுக்கியிருக்கிறார்கள், இல்லையேல் காலையிலேயே கலந்து வைத்திருக்கிறார்கள். நல்ல கை, கூரான கத்தியால் ஒரே தடவையில் நறுக்கி, கேட்ட பிறகுதான் எலுமிச்சை பிழியும். லெட்டூஸ் இலையில் அள்ளித் தின்பது வழக்கம். ரொட்டியை மிச்சம் பிடிக்க இதுவும் ஒரு வழி.

ஃபத்தூஷ் அவசரக்காரர்களின் சாலட். பொரித்த ரொட்டித்துண்டு, சுமாக், பல நேரம் மாதுளைப் பாகு. பத்து நிமிடம் விட்டால் ரொட்டி ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். வந்ததும் கிளறிச் சாப்பிடுங்கள். சுமாக் என்பது கருஞ்சிவப்பு நிறப் புளிப்புப் பொடி. நாம் புளிக்குப் போகும் இடங்களில் அவர்கள் சுமாக்குக்கும் எலுமிச்சைக்கும் மாதுளைப் பாகுக்கும் போகிறார்கள். இரண்டு பேர் என்றால் தபூலே, ஃபத்தூஷ் இரண்டில் ஒன்று போதும்.

மற்றவற்றில் நாங்கள் விடாமல் சொல்லச் சொல்பவை: லப்னே, அதாவது நீர் வடித்த கெட்டித்தயிர்; ஷங்க்லீஷ் என்ற, மூலிகையில் புரட்டிப் பக்குவப்படுத்திய காட்டமான சீஸ், தக்காளி வெங்காயத்தோடு; ஹிந்த்பே, அதாவது கசப்புக் கீரையைக் கடைந்தெடுக்காமல் வதக்கி, கருக வறுத்த வெங்காயம் தூவியது. ஹிந்த்பே மெனுவில் இருந்தால் வீட்டுச் சமையல் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள். முஹம்மரா சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது, சிவப்பு மிளகாயும் வால்நட்டும் அரைத்தது. உறைப்பு தேடுகிறவர்கள் அதைச் சொல்லலாம்.

சூடானவை

பொரித்த பலகாரங்களில் சம்பூசெக் நம் சமோசாவின் ஒன்றுவிட்ட சகோதரர், இரண்டு பெயரும் பாரசீகத்திலிருந்து வந்தவை. உள்ளே கறி அல்லது சீஸ். ரகாகத் என்பது சீஸ் வைத்துச் சுருட்டியது. ஃபதாயர் முக்கோணமாக, உள்ளே சுமாக் போட்ட பசலைக்கீரை. கிப்பே என்பது பல்கரும் கறியும் சேர்த்து இடித்த ஓட்டுக்குள் வதக்கிய கறியும் பைன் கொட்டையும். இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னால் மேசை முழுக்க எண்ணெய்ப் பலகாரம். கிப்பே ஒன்று, ஃபதாயர் அல்லது ரகாகத் ஒன்று, அதோடு நிறுத்துங்கள்.

ஃபலாஃபெல் உணவகத்தில் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அது தெருக்கடைப் பண்டம். சட்டியிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் தின்றால்தான் ருசி. சொல்வதானால் உள்ளே பச்சை நிறமும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளாக, மாவுபோல் இருந்தால் பாக்கெட் கலவை.

பொரிக்காதவற்றில்தான் ருசி அதிகம். மக்கானெக் என்ற விரல்நீளச் சாசேஜை மாதுளைப் பாகில் புரட்டித் தருவார்கள். கோழி ஈரலும் அதே பாகில் வரும். ஜவானே என்ற கோழி இறக்கை, எலுமிச்சை, பூண்டு, கொத்தமல்லியில். பத்தாத்தா ஹர்ரா என்ற உருளைக்கிழங்கு கொத்தமல்லியும் பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்தது. ‘ஹர்ரா’ என்றால் காரம், ஆனால் அவர்கள் காரம். தட்டில் எஞ்சும் மாதுளைப் பாகை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடாமல் விட்டால் பாவம்.

பச்சைக்கறி

கிப்பே நய்யே என்பது வேகவைக்காத ஆட்டுக்கறியை மையாக இடித்து, பல்கரும் மசாலாவும் சேர்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது. அன்று காலை அறுத்த ஆட்டின் கறியில் செய்வதே மரபு. துணிகிறவர்கள் கூட்டம் நிறைந்த கடையில், மதிய வேளையில் மட்டும் கேளுங்கள். நிறம் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வந்த உடனே வெங்காயம், புதினாவோடு சாப்பிட்டுவிட வேண்டும், பார்சல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் தொடவே வேண்டாம். கடை எவ்வளவு நல்லதானாலும் வேகாத கறியில் கிருமி இருக்காது என்று யாராலும் உறுதி தர முடியாது.

குடிக்க

அரக் திராட்சையிலிருந்து வடித்து, சோம்பு மணமூட்டிய சாராயம். ஆல்கஹால் ஏறக்குறைய 50 சதவீதம் இருக்கும், அப்படியே குடிப்பதில்லை. முதலில் அரக் ஒரு பங்கு, அடுத்து தண்ணீர் இரண்டு பங்கு, கடைசியில்தான் ஐஸ். இந்த வரிசை சடங்குக்காக இல்லை. சோம்பு எண்ணெயிலுள்ள அனெத்தோல் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேர்ந்ததும் அது நுண்துளிகளாகப் பிரிவதால்தான் பால்போல வெளுக்கிறது. ஐஸை முதலில் போட்டால் குளிரில் அது உறைந்து மேலே ஆடைபோல் படியும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது கிளாஸ் கொண்டுவருவதும் பழைய கிளாஸில் அந்தப் படலம் ஒட்டியிருப்பதால்தான். குளிர்ந்த மெஸ்ஸேக்கு ஏற்ற துணை இது. பெக்கா பள்ளத்தாக்கு ஒயினும் கிடைக்கும். ஷாத்தோ க்ஸாரா என்ற ஒயின் ஆலை 1857-லிருந்து நடக்கிறது.

மது இல்லாத கடைகளும் நிறைய. அங்கே ஜல்லாப் கேளுங்கள். திராட்சை அல்லது பேரீச்சைப் பாகு, ரோஜாப் பன்னீர், நொறுக்கிய ஐஸ், மேலே மிதக்கும் பைன் கொட்டை. இனிப்பு தூக்கல் என்பதால் இருவருக்கு ஒன்று போதும். சாப்பாட்டோடு குடிக்க உப்புப்போட்ட மோரான அய்ரான்தான் சரி. ‘தமர் ஹிந்தி’ என்று பார்த்தால் அது நம் புளிக்கரைசல், இனிப்புப் போட்டது. ‘இந்தியப் பேரீச்சை’ என்று அரபியில் வைத்த பெயர்தான் ஆங்கிலத்தில் டாமரிண்ட் ஆனது.

கரி அடுப்பு

முதல்முறை போகிறவர்களுக்குக் கலவை கிரில் ஒன்று: லஹம் மஷ்வி என்ற ஆட்டுக்கறித் துண்டு, கஃப்தா என்ற பார்ஸ்லி வெங்காயம் சேர்த்த கொத்துக்கறி, ஷிஷ் தாவூக் என்ற தயிரிலோ எலுமிச்சை பூண்டிலோ ஊறிய கோழி. சில கடைகளில் காஸ்தலேத்தா என்ற எலும்போடு கூடிய ஆட்டு விலாத்துண்டும் சேரும். கறிக்கு அடியிலும் மேலேயும் மிளகாய் விழுது தடவிய ரொட்டி வைத்திருப்பார்கள். பலர் அதை மூடி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். கறிச்சாறு முழுவதும் இறங்கியிருப்பது அதில்தான்.

எந்தக் கறிக்கு எந்தச் சாஸ் என்பதில் லெபனான்காரர்கள் கறார். தூம் கோழிக்கு மட்டும். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு நான்கையும் அடித்து வெண்ணெய்போல் நுரைக்கவைத்தது அது. எண்ணெய் பிரிந்து நின்றால் அடித்தது முறிந்துவிட்டது என்று பொருள். காட்டமே இல்லாமல் சாதுவாக இருந்தால் மயோனைஸோ உருளைக்கிழங்கோ சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். ஆட்டுக்கறி ஷவர்மாவுக்கும் ஃபலாஃபெலுக்கும் மீனுக்கும் எள் சாஸான தரத்தோர். கஃப்தாவுக்குச் சுமாக் புரட்டிய வெங்காயமும் பார்ஸ்லியும், அதன் பெயர் பீவாஸ். தூம் நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றிலும் தடவினால் எல்லாம் பூண்டாகத்தான் ருசிக்கும், மறுநாள் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும்.

கறி பக்குவம் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, நன்றாக வெந்தே வரும். கோழி வறண்டிருந்தால் மார்புக்கறி. தொடைக்கறியில் செய்வார்களா என்று முன்பே கேட்கலாம்.

சைவம், மாட்டிறைச்சி, ஒவ்வாமை

மெனுவில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘பி ஸேத்’ என்றால் ஆலிவ் எண்ணெயில் சமைத்தது, கறி இருக்காது. ‘பில் லஹ்மே’ என்றால் கறியோடு. திராட்சை இலைச் சுருளில் இரண்டு வகையும் உண்டு. குளிர்ந்து வரும் ‘வரக் எனப் பி ஸேத்’ சைவம், சூடாக வருவதில் கறி. லூபியே பி ஸேத் என்ற பீன்ஸ், கத்திரிக்காயும் கொண்டைக்கடலையும் சேர்ந்த மஹ்மூர், பருப்பும் அரிசியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா, இவை வயிறு நிறைக்கும். லெபனான் கிறிஸ்தவர்களின் தவக்காலச் சமையலுக்கு ‘ஸியாமி’ என்று பெயர். கறியும் பாலும் நெய்யும் இல்லாதது. அந்தப் பருவத்தில் மெனுவில் தென்பட்டால் சைவர்களுக்கு நல்ல காலம்.

ஏமாறும் இடங்கள்: பருப்பு சூப்பில் கோழிச்சாறு, சேமியாச் சோற்றில் கறிச்சாறு, ஃபலாஃபெலும் கிப்பேயும் ஒரே எண்ணெயில், சீஸில் பாலைத் திரிக்கச் சேர்க்கும் விலங்கு ரெனெட். கேட்க வேண்டிய வார்த்தை ‘பலா லஹ்மே’. இங்கே பலா பழமில்லை, ‘இல்லாமல்’ என்று பொருள். ‘லஹ்மே’ என்பது பொதுவாகச் சிவப்புக் கறியைக் குறிப்பதால், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் “பக்கரா, கனமா?” என்று கேட்க வேண்டும். பக்கர் மாடு, கனம் செம்மறி. சுஜுக் என்ற மசாலாச் சாசேஜ், பஸ்துர்மா என்ற உலர்த்திய கறி இரண்டும் பொதுவாக மாடு. கஃப்தாவும் கறி ஷவர்மாவும் கடைக்குக் கடை மாறும், கலந்தும் இருக்கும். ஹலால் வேண்டுபவர்களும் அனுமானிக்காமல் கேட்கவும். எல்லா லெபனான் உணவகமும் ஹலால் இல்லை, மது விற்கும் கடையிலும் ஹலால் கறி இருக்கலாம்.

எள் ஒவ்வாமை இருந்தால் இது ஆபத்தான சமையல். ஹம்முஸ், முதப்பல், தரத்தோர், ஸாத்தர், பல இனிப்புகள் எல்லாவற்றிலும் எள். பிரிட்டனில் உணவகங்கள் சொல்லியாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள் ஒன்று. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் அது முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. ஆர்டர் சொல்வதற்கு முன்பே பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள். கோதுமை ஆகாதவர்களுக்குத் தபூலே, கிப்பே இரண்டும் ஆகாது.

இனிப்பும் காபியும்

கறி முடிந்ததும் பழத்தட்டும் பக்லவாவும் கடைக் கணக்கிலேயே வருவது பழைய மரியாதை, இன்னும் சில கடைகள் விடவில்லை. ஆகவே இனிப்பை முன்கூட்டிச் சொல்லாமல் கொஞ்சம் பொறுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் குனாஃபே என்ற, சீஸ் வைத்துச் சுட்ட இனிப்பு. சூடாக, இழுத்தால் நூலாக வர வேண்டும், பாகு தனிக் கிண்ணத்தில் வர வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கியது ரப்பர்போல் இருக்கும். அடுப்பு இல்லாத கடையில் அதை விட்டுவிட்டு, ஆரஞ்சுப் பூநீர் மணக்கும் பால்கூழான முஹல்லபியே சொல்லலாம்.

காபிக்கு அடுப்பிலேயே சர்க்கரை போட்டுவிடுவார்கள் என்பதால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஸாதா என்றால் சர்க்கரையின்றி, வஸத் நடுத்தரம், ஹெல்வே இனிப்பு. பல கடைகளில் ஏலக்காய் இருக்கும். கோப்பை வந்ததும் இரண்டு நிமிடம் விடுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். கிளறாதீர்கள், கடைசி ஒரு மடக்கை விட்டுவிடுங்கள். இரவில் தூக்கம் கெடும் என்பவர்களுக்கு ‘அஹ்வே பைதா’, வெள்ளைக் காபி. அதில் காபியே கிடையாது, வெந்நீரில் ஆரஞ்சுப் பூநீர், அவ்வளவே.

பில்

“ஸஹ்தேன்” என்று பரிமாறுபவர் சொன்னால் ‘இரட்டை ஆரோக்கியம்’ என்று வாழ்த்துகிறார். பதிலுக்கு “அலா அல்பக்” என்று ஆணுக்கும் “அலா அல்பிக்” என்று பெண்ணுக்கும் சொன்னால் முகம் மலரும். உங்களை அழைத்துப்போனவர் லெபனான்காரர் என்றால் பில்லுக்குக் கை நீட்டிப் பயனில்லை. கைகழுவப் போகிற சாக்கில் அவர் முன்பே கட்டியிருப்பார். அதே வேலையை நீங்கள் அவருக்கு முன்னால் செய்தால்தான் உண்டு.

லண்டனில் 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் பெரும்பாலும் பில்லிலேயே இருக்கும். அது விருப்பக் கட்டணம், சேவை மோசமென்றால் எடுக்கச் சொல்லலாம். அதற்குமேல் டிப்ஸ் தேவையில்லை. 2024 அக்டோபர் முதல் பிரிட்டனில் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் ஞாயிறு, அரசு விடுமுறைகளில் கூடுதல் கட்டணம் போடும் கடைகள் பல. அமெரிக்காவில் 18 முதல் 20 சதவீதம் வைக்காமல் எழ முடியாது. ஷிஷா எனும் ஹூக்கா வைத்திருந்தால் அதன் விலையைத் தனியாகப் பாருங்கள், சாப்பாட்டு விலைக்கு நிகராக இருப்பதுண்டு.

மிஞ்சியதில் ஹம்முஸ், முதப்பல், கிரில் கறி, தூம் ஆகியவை பார்சலுக்கு உகந்தவை. உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் தாங்கும். ஹம்முஸைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். தபூலேயும் ஃபத்தூஷும் வேண்டாம், வீடு போய்ச் சேருவதற்குள் ஊறிப்போகும். ஒரு ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் தோசைக்கல்லில் வாட்டி, உள்ளே மிஞ்சிய கோழியும் தூமும் ரோஜா நிற ஊறுகாயும் வைத்துச் சுருட்டிக்கொள்ளலாம்.